திருவண்ணாமலை மாவட்டத்தில் பொதுத்தேர்வு முடிவுகளும் கல்வித்துறை நடவடிக்கைகளும்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் ஆண்டுதோறும் மே மாதத்தில் வெளியாகின்றன. அவற்றுடன் மாவட்டவாரியான தேர்ச்சி விழுக்காடும் அறிவிக்கப்படுகிறது. மாநிலப் பட்டியலில் தம் மாவட்டம் எத்தனையாவது இடம் என்பதைப் பொறுத்து, மாவட்டக் கல்வி நிர்வாகம் அடுத்த கல்வியாண்டுக்கான நடவடிக்கைகளை வகுக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் இப்பட்டியலின் கீழ்ப்பகுதியில் அடிக்கடி இடம்பெறும் வட மாவட்டங்களுள் ஒன்று. 2024ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் மாநிலத் தேர்ச்சி 94.56 விழுக்காடாக இருந்தபோது, இம்மாவட்டம் 90.47 விழுக்காட்டுடன் கடைசி இடத்தைப் பெற்றது. தேர்ச்சி விழுக்காடு எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை, அதை உயர்த்தப் பள்ளிகளில் என்ன செய்யப்படுகிறது, அதனால் மாணவர்க்கு விளையும் நன்மையும் குறையும் யாவை என்பன இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

வரலாற்றுப் பின்னணி

தேர்வு முடிவைக் கொண்டு பள்ளியை மதிப்பிடும் வழக்கம் தமிழகத்திற்குப் புதிதன்று. இங்கிலாந்தில் 1862இல், மாணவர் தேர்ச்சிக்கேற்பப் பள்ளிக்கு மானியம் தரும் முறை நடைமுறைக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்திலும் இதே முறை பின்பற்றப்பட்டது. ஆய்வாளர் பள்ளிக்கு வந்து, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ப மானியம் கணக்கிடப்படும். திண்ணைப் பள்ளி ஆசிரியர்கள் பலரும் இம்முறைக்குள் கொண்டுவரப்பட்டனர். ஆய்வாளர் வரும் நாளுக்கென்று பிள்ளைகளைத் தயார்செய்வதே கற்பித்தலாகிவிட்டது என்ற குறை அப்போதே எழுந்தது. 1904இல் இந்திய அரசு வெளியிட்ட கல்விக் கொள்கைத் தீர்மானம் இம்முறையைக் கைவிடச் சொன்னது.

தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டு, 1980இல் முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்தது. பிறகு மாநில அளவில் முதல் மூன்று இடங்களைப் பெற்றோரை அறிவிப்பது பெரும் நிகழ்வாக வளர்ந்தது. 2017இல் அரசு இந்தத் தரவரிசை அறிவிப்பை நிறுத்தியது. மாணவர்க்கான தரவரிசை நின்றாலும், மாவட்டங்களைத் தேர்ச்சி விழுக்காட்டின்படி ஒப்பிடும் வழக்கம் தொடர்ந்தது.

2017–18ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகளும் நடத்தின என்பது இதற்குக் கூறப்பட்ட முதன்மைக் காரணம். முடிவுக்குக் கொடுக்கப்பட்ட அழுத்தம் பாடத்திட்டத்தையே எப்படி மாற்றியது என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி அத்தேர்வு நீக்கப்பட்டது.

நிர்வாக அமைப்பு

திருவண்ணாமலை மாவட்டம் 1989 செப்டம்பர் 30 அன்று பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. திருவண்ணாமலை, செங்கம், போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி உள்ளிட்ட பகுதிகளில் 18 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன.

மாவட்டப் பள்ளிக்கல்வியின் தலைமைப் பொறுப்பில் முதன்மைக் கல்வி அலுவலர் உள்ளார். அவருக்குக் கீழே மாவட்டக் கல்வி அலுவலர்களும், ஒன்றிய அளவில் வட்டாரக் கல்வி அலுவலர்களும் பணியாற்றுகின்றனர். 2018இல் செய்யப்பட்ட மாற்றம் எல்லா வகைப் பள்ளிகளின் மேற்பார்வையையும் முதன்மைக் கல்வி அலுவலரிடம் குவித்தது. 2022இல் தொடக்கக் கல்விக்கும் இடைநிலைக் கல்விக்கும் தனியார் பள்ளிகளுக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் பணி மீண்டும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியரும் தேர்ச்சி மீளாய்வுக் கூட்டங்களை நடத்துவது உண்டு.

ஜவ்வாதுமலையின் நிலை சற்று வேறானது. அங்குள்ள உண்டு உறைவிடப் பள்ளிகள் பழங்குடியினர் நலத் துறையைச் சேர்ந்தவை. பாடமும் தேர்வும் பள்ளிக்கல்வித் துறையுடையவை. ஆசிரியர் நியமனமும் விடுதியும் மற்றொரு துறையுடையவை. அப்பள்ளிகளின் முடிவு குறைந்தால் கூட்டத்தில் கேள்வி ஓரிடத்தில் எழுகிறது. ஆசிரியர் பணியிடத்தை நிரப்பும் அதிகாரமோ வேறிடத்தில் இருக்கிறது.

வட மாவட்டங்களின் நிலை

2022 முதல் 2025 வரை மாநிலத் தேர்ச்சி பத்தாம் வகுப்பில் முறையே 90.07, 91.39, 91.55, 93.80 விழுக்காடாகவும், பன்னிரண்டாம் வகுப்பில் 93.76, 94.03, 94.56, 95.03 விழுக்காடாகவும் இருந்தது. இதே காலத்தில் பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி இடம் 2022இல் வேலூருக்கும், 2023இல் ராணிப்பேட்டைக்கும், 2024இல் திருவண்ணாமலைக்கும் கிடைத்தது. இம்மூன்றும் ஒரே பழைய வட ஆர்க்காட்டின் பகுதிகள். அலுவலர்கள் மாறுகிறார்கள், 2019இல் வேலூர் மாவட்டமே மூன்றாகப் பிரிக்கப்பட்டது, ஆனாலும் கடைசி இடம் அந்த வட்டாரத்தை விட்டு அகலவில்லை. ஆகவே ஓர் ஆண்டின் ஓர் அலுவலரையோ ஒரு தலைமையாசிரியரையோ மட்டும் காரணமாகச் சொல்வது பொருந்தாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தின் மக்கள்தொகை 24,64,875. அவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் ஊர்ப்புறத்தவர். எழுத்தறிவு சுமார் 74 விழுக்காடு. மாநில அளவு சுமார் 80. தைப் பொங்கலுக்குப் பின் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு வெளியூர் செல்வோர் பலர். சூளைப் பருவமும் பொதுத்தேர்வுப் பருவமும் ஒன்றாகவே வருகின்றன. பெற்றோருடன் போகும் பிள்ளை, திருப்புதல் தேர்வு நடக்கும் சனவரி, பிப்ரவரி மாதங்களில் வகுப்பில் இருப்பதில்லை.

கோயில் நகருக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. கார்த்திகைத் தீபம் நவம்பர் பிற்பகுதியிலோ டிசம்பரிலோ வருகிறது. அரையாண்டுத் தேர்வும் டிசம்பரில்தான். தீபத்தன்று உள்ளூர் விடுமுறை விடப்பட்டு, பின்னர் ஒரு சனிக்கிழமை வேலைநாளாக ஈடுசெய்யப்படுகிறது. பாதுகாப்புக்கு வரும் காவலர்கள் நகரப் பள்ளிகள் சிலவற்றில் தங்கவைக்கப்படுவதால் அங்கு மேலும் சில நாள்கள் வகுப்பு நின்றுவிடுவதுண்டு. இழப்பு சிறிதுதான், ஆனால் அரையாண்டுக்கு முந்தைய வாரம் என்பதால் ஆசிரியர்கள் அதைக் கணக்கில் கொண்டே பாடத்தை முடிக்க வேண்டியிருக்கிறது.

வறுமை மட்டுமே காரணம் என்றும் முடித்துவிட இயலாது. பெருநகரம் ஏதும் இல்லாத பெரம்பலூர் 2022இல் பன்னிரண்டாம் வகுப்பிலும் 2023இல் பத்தாம் வகுப்பிலும் முதலிடம் பெற்றது. அரியலூர் 2024இல் பத்தாம் வகுப்பிலும் 2025இல் பன்னிரண்டாம் வகுப்பிலும் முதலிடம் பெற்றது. இவை சிறிய மாவட்டங்கள். பள்ளிகளின் எண்ணிக்கை குறைவு. அலுவலர் ஒவ்வொரு பள்ளியையும் நேரில் அறிந்திருப்பது எளிது. ஜவ்வாதுமலை முதல் வெம்பாக்கம் வரை பரந்து கிடக்கும் மாவட்டத்தில் அது கடினம்.

முடிவு வெளியான பின் நடப்பவை

அரசுத் தேர்வுகள் இயக்ககம் முடிவை வெளியிட்டதும், பள்ளிவாரி, பாடவாரிப் பட்டியல்கள் முதன்மைக் கல்வி அலுவலகத்தில் தொகுக்கப்படுகின்றன. வழக்கமான வரிசை பின்வருமாறு அமைகிறது.

முதலில் துணைத் தேர்வு. தேர்ச்சி பெறாதோர் அதே ஆண்டிலேயே மீண்டும் எழுத வாய்ப்பு உண்டு. அவர்களை அழைத்து விண்ணப்பிக்கச் செய்வதும், பள்ளியிலேயே பயிற்சி தருவதும் மே, சூன் மாதங்களின் வேலை. ஒரு மாணவரின் ஓர் ஆண்டைக் காப்பாற்றும் பணி இது. ஆனால் மே மாதம் அறிவிக்கப்பட்ட மாவட்ட விழுக்காட்டில் இதன் பலன் சேர்வதில்லை.

அடுத்தது மீளாய்வுக் கூட்டம். மாநில சராசரிக்கும் மாவட்ட சராசரிக்கும் கீழே உள்ள பள்ளிகளின் தலைமையாசிரியர்களும், பாடத் தேர்ச்சி குறைந்த ஆசிரியர்களும் அழைக்கப்பட்டு விளக்கம் கேட்கப்படுகின்றனர். எழுத்துவழி விளக்கம் கோரும் குறிப்பாணை சில வேளை தரப்படுகிறது. நூறு விழுக்காடு தேர்ச்சி தந்த பள்ளிகளுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைக்கிறது. ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்த பள்ளிக்கு, பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகத் தற்காலிக ஆசிரியரை அமர்த்தும் ஏற்பாடு செய்யப்படுகிறது. ஆண்டின் பாதிவரை கணித ஆசிரியர் இல்லாத பள்ளியும், முழு ஆண்டும் ஆசிரியர் இருந்த பள்ளியும் ஒரே பட்டியலில் வருவதால், காலியிட விவரத்தையும் விழுக்காட்டுக்கு அருகிலேயே எழுத வேண்டும் என்பது ஆசிரியர் சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை.

மூன்றாவது, மெல்லக் கற்போரைக் கண்டறிதல். காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு பட்டியல் தயாராகிறது. காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்புகள், வாராந்திரத் தேர்வு, பொறுப்பாசிரியருக்குச் சில மாணவரைத் தத்துக் கொடுத்தல், சனவரி முதல் திருப்புதல் தேர்வுகள் என்று பணி தொடர்கிறது. மாலை வகுப்பு முடிந்து கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகளுக்காக நேரத்தை மாற்றியமைப்பதும், சிற்றுண்டிக்கு ஊர்க்காரர்களிடம் உதவி கேட்பதும் பள்ளி அளவில் தலைமையாசிரியர் செய்துகொள்ளும் ஏற்பாடுகள்.

குறைந்தபட்சக் கற்றல் கையேடு

மெல்லக் கற்போருக்காகத் தயாரிக்கப்படும் கையேட்டின் நோக்கம், 35 மதிப்பெண்ணை எட்டச் செய்வது. பத்தாம் வகுப்புக் கணிதத்தை எடுத்துக்கொண்டால் இதன் உத்தி எளிதில் விளங்கும். வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. செய்முறை வடிவியல் ஒன்றும் வரைபடம் ஒன்றும் சேர்ந்து 16 மதிப்பெண். இவை மூன்றையும் திரும்பத் திரும்பப் பயிற்றினால் 30 மதிப்பெண்ணுக்கு வழி உண்டு. அதனுடன் எளிய இரண்டு மதிப்பெண் வினாக்கள் சிலவும் அணிகள் போன்ற பகுதிகளிலிருந்து ஓர் ஐந்து மதிப்பெண் வினாவும் சேர்ந்தால் தேர்ச்சி கைகூடும். அறிவியலில் செய்முறைக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75. எழுத்துத் தேர்வில் குறைந்தது 20 எடுக்க வேண்டும். எனவே அங்கே இலக்கு 20.

இவ்வுத்தியை முற்றிலும் தவறென்று ஒதுக்க முடியாது. பத்தாம் வகுப்பில் தவறிய பெண்பிள்ளைக்கு அந்த ஆண்டே திருமணப் பேச்சு தொடங்கும் குடும்பங்கள் இம்மாவட்டத்தில் உண்டு. ஆண்பிள்ளை பெங்களூருக்கோ சென்னைக்கோ கட்டட வேலைக்குப் போய்விடுவான். 35 மதிப்பெண் அவர்களைப் பள்ளியிலோ ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ மேலும் இரண்டு மூன்று ஆண்டுகள் நிறுத்துகிறது. வாழ்க்கையின் போக்கையே அது மாற்றக்கூடும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. காலாண்டில் 25 முதல் 34 வரை எடுத்தவர் மீதே கவனம் குவிகிறது. 8 மதிப்பெண் எடுத்தவர் தேறுவார் என்ற நம்பிக்கை இல்லை; 60 எடுத்தவரைப் பற்றிக் கவலை இல்லை. இருவரும் விழுக்காட்டைப் பெரிதாக மாற்றப் போவதில்லை என்பதால் ஆசிரியரின் நேரம் அவர்களுக்குக் கிடைப்பது குறைகிறது. வடிவியலும் வரைபடமும் மட்டும் கற்றுத் தேறியவர் மேல்நிலையில் கணிதமோ இயற்பியலோ எடுத்தால் முதல் பருவத்திலேயே தடுமாறுகிறார். பத்தாம் வகுப்பின் குறை இவ்வாறு பன்னிரண்டாம் வகுப்பின் கணக்கில் வந்து சேர்கிறது.

விழுக்காட்டின் கீழெண்

தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்ச்சி பெற்றோரைத் தேர்வு எழுதியோரால் வகுத்துக் கிடைப்பது. பள்ளியில் சேர்ந்தவர் எத்தனை பேர், இடையில் நின்றவர் எத்தனை பேர் என்பது அதில் வருவதில்லை. ஒரு கற்பனைக் கணக்கால் இதை விளக்கலாம்.

முதல் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 60 பேர் இருந்தனர். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர் 50 பேர். தேர்ச்சி பெற்றவர் 48 பேர். விழுக்காடு 96. இரண்டாம் பள்ளியிலும் ஒன்பதாம் வகுப்பில் 60 பேர். அவர்களில் 58 பேரைத் தேர்வறைவரை கொண்டுவந்தனர். 52 பேர் தேர்ச்சி பெற்றனர். விழுக்காடு சுமார் 89.7. மீளாய்வுக் கூட்டத்தில் முதல் பள்ளிக்குப் பாராட்டு; இரண்டாம் பள்ளிக்கு விளக்கக் கடிதம். ஆனால் தொடக்கத்தில் இருந்த 60 பேரைக் கொண்டு பார்த்தால், முதல் பள்ளி தேற்றியது 80 விழுக்காட்டினரை. இரண்டாம் பள்ளி தேற்றியது ஏறத்தாழ 87 விழுக்காட்டினரை. நின்றுபோன பிள்ளையின் வீட்டுக்கு நடந்துசென்று அழைத்துவந்த ஆசிரியர், தம் பள்ளியின் விழுக்காட்டைத் தாமே குறைத்துக்கொண்டவர் ஆகிறார்.

ஒன்பதாம் வகுப்பிலேயே பின்தங்கியவரை நிறுத்திவைப்பது, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொல்வது, தனித்தேர்வராக எழுதச் சொல்வது ஆகிய வழக்கங்களைக் கல்வியாளர்கள் கண்டிப்பது இதனால்தான்.

கீழெண்ணில் வராதவர் எத்தனை பேர் என்பது 2023 மார்ச்சில் வெளிப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பின் முதல் தேர்வான மொழித்தாளுக்கு மாநிலம் முழுவதும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை. கொரோனாக் காலத்தில் தேர்வின்றித் தேர்ச்சி பெற்று, பின்னர் பள்ளிக்கே வராதவர் பலரது பெயர் எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தில் தொடர்ந்து இருந்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதன்பின், தொடர்ந்து வராதவரைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தேடும் பணி வலுப்பெற்றது.

சிறிய பள்ளிகளைப் பற்றியும் ஒரு குறிப்பு தேவை. 20 பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் விழுக்காடு 95 ஆகிறது. மூவர் தவறினால் 85. 200 பேர் எழுதும் பள்ளியில் மூவர் தவறினால் 98.5. ஆகவே சிறிய பள்ளியின் ஓராண்டு ஏற்ற இறக்கத்தைக் கொண்டு ஆசிரியரை மதிப்பிடுவது கணக்கு முறைப்படியே தவறாகும். குறைந்தது மூன்றாண்டு சராசரியாவது பார்க்கப்பட வேண்டும்.

அடைவு ஆய்வுகள்

பொதுத்தேர்வுக்கு வெளியே, கற்றலின் நிலையை அறிய அடைவு ஆய்வுகள் நடத்தப்படுகின்றன. தேசிய அடைவு ஆய்வு 2017 நவம்பர் 13 அன்று 3, 5, 8 வகுப்புகளுக்கும், 2021 நவம்பர் 12 அன்று 3, 5, 8, 10 வகுப்புகளுக்கும் நடந்தது. 2024 டிசம்பர் 4 அன்று பராக் அமைப்பின் ஆய்வு 3, 6, 9 வகுப்புகளுக்கு நடந்தது. இவை மாதிரிப் பள்ளிகளைக் கொண்டு மாவட்டத்தின் நிலையைச் சொல்பவை. தனி மாணவரைத் தேறினார், தவறினார் என்று பிரிப்பதில்லை. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு ஸ்லாஸ் எனப்படும் மாநில அடைவு ஆய்வை 3, 5, 8 வகுப்புகளுக்கு நடத்தியது.

இவ்வாய்வுகளின் பயன், குறை எங்கே தொடங்குகிறது என்று காட்டுவது. ஐந்தாம் வகுப்பில் கழித்தலும் வகுத்தலும் வராத பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பின் மாலை வகுப்பில் இயற்கணிதம் புரிவதில்லை. இதற்கான தொடக்கநிலை முயற்சியாக 2022 சூன் 13 அன்று எண்ணும் எழுத்தும் திட்டம் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்டு, அடுத்த கல்வியாண்டில் 4, 5 வகுப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டு, எந்த நிலையில் இருக்கிறார்களோ அங்கிருந்து கற்பிக்கப்படுகின்றனர். 2025–26இல் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கு, அடிப்படைத் திறனில் பின்தங்கியோரை முன்கூட்டியே கண்டறிந்து பயிற்றும் திறன் திட்டம் வந்தது. பத்தாம் வகுப்பில் தொடங்கும் மீட்பு வேலையை ஆறாம் வகுப்புக்கே நகர்த்துவதே இதன் கருத்து.

ஆயினும் அடைவு ஆய்வும் மீளாய்வுக் கூட்டத்தின் மிரட்டலாக மாறினால் அதன் உண்மை கெடும். ஆய்வு நாளுக்கு முன் மாதிரி வினாக்களை மனப்பாடம் செய்வித்த வகுப்பின் மதிப்பெண், அந்த வகுப்பின் கற்றலைச் சொல்லாது.

பிற நாட்டு அனுபவம்

அமெரிக்காவில் 2002 சனவரியில் சட்டமான 'எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது' சட்டம், ஆண்டுதோறும் தேர்வு முன்னேற்றம் காட்டாத பள்ளிகளுக்குத் தண்டனை நடவடிக்கைகளை வகுத்தது. அட்லாண்டா நகரில் ஆசிரியர்களே மாணவரின் விடைத்தாள்களைத் திருத்தினர் என்று 2011இல் விசாரணை அறிக்கை கூறியது. 178 கல்விப் பணியாளர்கள் அதில் தொடர்புபடுத்தப்பட்டனர். 2015இல் புதிய சட்டம் அந்தத் தண்டனை முறையைத் தளர்த்தியது. ஓர் அளவீட்டின் மேல் எவ்வளவு அழுத்தம் வைக்கப்படுகிறதோ அந்த அளவுக்கு அது திரிந்துபோகும் என்று சமூக அறிவியலாளர் டொனால்ட் காம்ப்பெல் 1970களிலேயே கூறியிருந்தார்.

முடிவை வாசிக்கும் முறை

கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். 2022இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இக்குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன. முடிவு வெளியானதும் குழுக் கூட்டத்தில் பின்வரும் விவரங்களைக் கேட்டுப் பெறலாம்:

• இரண்டாண்டுகளுக்கு முன் இந்த வகுப்பினரின் எண்ணிக்கை எவ்வளவு. தேர்வு எழுதியவர் எத்தனை பேர். இடையில் நின்றவர் இப்போது எங்கே இருக்கின்றனர்.
• எந்தப் பாடத்தில் தேர்ச்சி குறைந்தது. அந்தப் பாடத்துக்கு ஆண்டு முழுவதும் ஆசிரியர் இருந்தாரா.
• 35 முதல் 45 வரை மட்டும் எடுத்துத் தேறியவர் எத்தனை பேர்.
• தவறியோரில் துணைத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர் எத்தனை பேர். விண்ணப்பிக்காதவர் வீட்டுக்கு யார் செல்கிறார்.
• ஆறாம் வகுப்பில் இந்த ஆண்டு சேர்ந்தவரில் சரளமாக வாசிக்க இயலாதவர் எத்தனை பேர்.

இவற்றுள் கடைசிக் கேள்விக்கான விடையே, அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பை எட்டும்போது பள்ளியின் தேர்ச்சி எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே காட்டும். முதல் கேள்விக்கான விடை, அந்த விழுக்காட்டில் இடம்பெறாமல் போகும் பிள்ளைகளைக் காட்டும்.